தலைக்குள் ஓர் அறை

ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைக் கேளுங்கள். பாடுகிறவர் எங்கே இருக்கிறார்? இரண்டு காதுக்கும் நடுவே, மண்டைக்குள். அதே பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டால் ஆள் வெளியே வந்துவிடுகிறார்; இரண்டு பெட்டிக்கும் நடுவில், நாலைந்து அடி தள்ளி, காலி இடத்தில் நின்று பாடுகிறார். பாட்டில் எதுவும் மாறவில்லை. ஸ்பீக்கருக்கும் செவிப்பறைக்கும் இடையே ஓர் அறையும் ஒரு தலையும் குறுக்கே வந்தன, அவ்வளவுதான்.

கேட்டு ரசிப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. மிக்ஸிங் செய்பவருக்கு இதில்தான் பிழைப்பே இருக்கிறது. குரலை எவ்வளவு தூக்குவது, தவிலுக்கும் பேஸ் கிதாருக்கும் எவ்வளவு இடம் விடுவது, வயலினை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதையெல்லாம் அவர் மானிட்டர் ஸ்பீக்கர் முன் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். வீட்டு ஸ்பீக்கர் பாட்டை அழகாக்கிக் காட்டலாம். மானிட்டர், பாட்டின் குறையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த ஸ்பீக்கரோ அது இருக்கும் அறையோ தப்பாகச் சொன்னால் பாட்டு காரில் குளறும், கல்யாண மண்டபத்தில் இரையும், செல்போனில் பாதி காணாமல் போகும்.

மிக்ஸிங் நடக்கும் நல்ல கன்ட்ரோல் அறை கட்டுவதற்கு லட்சக்கணக்கில் செலவாகும். வீட்டிலேயே வேலை செய்கிறவர்களுக்காக, ஹெட்போனையே ஒரு பெரிய ஸ்டுடியோவாக நடிக்கவைக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவின் ஒரு கன்ட்ரோல் அறையை வேவ்ஸ் நிறுவனம் இப்படித்தான் விற்கிறது. ஸ்லேட்டின் விஎஸ்எக்ஸ் ஹெட்போனோடு பல அறைகள் சேர்ந்தே வருகின்றன.

இந்த நடிப்பின் ரகசியம் கொஞ்சம் விசித்திரமானது. ஹெட்போனில் ஒலி வழியில் எதிலும் படாமல் நேராகக் காதுக்குப் போகிறது. அந்தச் சுத்தம்தான் கோளாறு. அறையும் தலையும் காதுமடலும் ஒலியைக் கெடுக்கும் விதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பச் சேர்த்தால்தான் மூளை நம்புகிறது.

பத்துக்குப் பன்னிரண்டு

முதலில் அறை செய்யும் கெடுதலை அளந்து பார்ப்போம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு பழைய வீடு. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் ஒரே சுவர். அதில் 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஓர் அறையை ஒருவர் மிக்ஸிங்குக்கு ஒதுக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருச்சி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஓர் அலையின் பாதி நீளம் கச்சிதமாகப் பொருந்தினால் அறையும் அந்தச் சுருதியோடு சேர்ந்து அதிரும். 10 அடிக்கு, அதாவது 3.05 மீட்டருக்கு, அந்த அதிர்வெண் 57 ஹெர்ட்ஸ். நம் அறையில் அகலமும் உயரமும் ஒன்று என்பதால் பக்கச் சுவர்களும், தரையும் கூரையும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்துகொள்கின்றன. பேஸ் கிதாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த ஸ்வரம் 58. இரண்டும் மாட்டிக்கொண்டன. சுவரோரம் நின்றால் இந்த ஸ்வரங்கள் வீங்கி அடிக்கும். மிக்ஸிங் செய்பவரோ இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில், அறை அகலத்தின் நட்டநடுவில் உட்காருவார். பக்கச் சுவர்களின் அதிர்வு அடங்கிப்போகும் இடம் அதுதான். பேஸ் போதவில்லை என்று நினைத்து ஏற்றுவார். அறையின் கோளாறு பாட்டுக்குள் ஏறி ஊரெல்லாம் போகும்.

அடுத்தது, ஒலி அடங்க எடுக்கும் நேரம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து போட்டுப் போட்டு அளந்து அவர் ஒரு விதியைக் கண்டார். அறையின் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும் நேரம் கிடைக்கும். நம் அறை 34 கன மீட்டர். பூசிய சுவரும் சிமென்ட் தரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை விழுங்கும் என்று கொண்டால், வெற்று அறையில் ஒலி அடங்க ஏறக்குறைய மூன்று நொடி. மெத்தை, திரைச்சீலை, துணிமணி எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் பரப்பு 12 சதுர மீட்டரானால் அரை நொடிக்கும் குறைவு. சிறிய கன்ட்ரோல் அறைகளில் எதிர்பார்ப்பது 0.2 முதல் 0.3 நொடி.

மேஜைகூடச் சும்மா இருப்பதில்லை. ஸ்பீக்கர் 1.2 மீட்டர் தூரத்தில், அதுவும் காதும் மேஜைப் பலகைக்கு 35 சென்டிமீட்டர் மேலே இருந்தால், மேஜையில் பட்டு வரும் ஒலி நேராக வரும் ஒலியைவிட 19 சென்டிமீட்டர் அதிகம் நடக்கிறது. அரை மில்லிநொடிக்குச் சற்று மேல் தாமதம். இந்தத் தாமதத்தில் 900 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மனிதக் குரலின் நடுப்பகுதியில் ஒரு பள்ளம்! கூரையில் பட்டு வரும் ஒலி 8 மில்லிநொடி பிந்தி வந்து தன் பங்குக்கு வேறு பள்ளங்களைத் தோண்டும்.

அறைக்குள் ஒலி இடத்துக்கு இடம் இப்படி ஏறி இறங்குவதைக் காதால் துருவிப் பார்த்த ஒருவர் இதே காவிரித் தீவில், திருவானைக்காவலில், 1888இல் பிறந்தவர். 1921இல் சி. வி. ராமன் இங்கிலாந்து போய்வந்த பயணம், கடல் ஏன் நீலம் என்ற கேள்விக்காகப் பேர்பெற்றது. அதே பயணத்தில் அவர் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்திலும் காது வைத்தார். வட்டச் சுவரோரம் ஒருவர் முணுமுணுத்தால் சுவரை ஒட்டியே ஊர்ந்து எதிர்ப்பக்கம் கேட்கும் மாடம் அது. அலை சுவரைத் தழுவிப் போகிறது என்று அதற்கு விளக்கம் சொன்னவர் ராலே பிரபு. ராமனும் ஜி. ஏ. சதர்லாந்தும் அங்கே சோதித்தபோது, சுவரை விட்டு நகர நகர ஒலி சீராகத் தேயாமல் கூடியும் குறைந்தும் வருவதைக் கண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் ஒலியின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூளை கழித்துக் கேட்கிறது

இவ்வளவு பள்ளமும் மேடும் இருந்தும் அந்த அறையில் உட்கார்ந்தவருக்குப் பாடகர் பாடகராகவே கேட்கிறார். 1949இல் ஹெல்முட் ஹாஸ் இதைச் சோதித்துக் காட்டினார்: முதலில் வந்த ஒலியைத் தொடர்ந்து முப்பது மில்லிநொடிக்குள் வரும் பிரதிகளை மூளை தனி ஒலியாக எண்ணுவதில்லை. முதலில் வந்தது எந்தத் திசையோ அதையே திசையாகக் கொள்ளும். பின்னால் வந்தவற்றைச் சேர்த்து அறையின் அளவையும் ஆளின் தூரத்தையும் ஊகித்துக்கொள்ளும்.

ஒலிப்பதிவு என்ற தொழிலே இந்தத் திறமையை நம்பி வளர்ந்தது. 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. கோயில் பிராகாரத்திலும் வீதியுலாவிலும் வாசித்துப் பழகிய கலைஞர்கள் எதிரொலி அடக்கிய அறையில் மைக் முன் உட்கார வேண்டியிருந்தது. திறந்த வெளிக்கென்றே உரத்த நாதம் கொண்ட நாகஸ்வரத்துக்கு இது எப்படிப்பட்ட மாற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கேட்பவர்களுக்கு அது வறட்சியாகத் தோன்றவில்லை. பெட்டியிலிருந்து வந்த ஒலிக்கு அவரவர் கூடமும் திண்ணையும் தம் எதிரொலியைக் கொடுத்தன. பதிவு பாதி, வீடு பாதி. ஹெட்போன் அந்த இரண்டாவது பாதியைத் தர மறுக்கிறது.

தலை செய்யும் கெடுதல் இன்னும் நுட்பமானது. நம் இரண்டு காதுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ பதினேழு, பதினெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தடுப்பு. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி, எதிர்க்காதுக்குச் சுமார் 0.64 மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேரும். தாழ்ந்த சுருதிகள் தலையைச் சுற்றி வளைந்து போய்விடும்; உயர்ந்த சுருதிகளுக்கு அந்தப் பக்கம் ஒலிநிழல் விழும். தாழ்ந்த சுருதியில் நேர வித்தியாசம், உயர்ந்த சுருதியில் அளவு வித்தியாசம் என்று திசை அறிவதை இரண்டாகப் பிரித்து 1907இல் விளக்கியவரும் ராலேதான்.

ஸ்டுடியோவில் இரண்டு மானிட்டரும் பார்வைக்கு இருபுறமும் 30 பாகையில் இருக்கும். இடது ஸ்பீக்கரின் ஒலி இடக்காதுக்கு மட்டும் போவதில்லை, 0.26 மில்லிநொடி பிந்தி, உயர் சுருதிகள் மங்கி, வலக்காதுக்கும் போகிறது. ஹெட்போனில் இந்தக் குறுக்கு வழி அடைபட்டிருக்கிறது. இடது இடதோடு, வலது வலதோடு. இயற்கையில் எந்த ஒலியும் ஒரு காதுக்கு மட்டும் கேட்பதில்லை என்பதால் மூளை குழம்பி, ஆளைத் தலைக்குள் உட்காரவைக்கிறது. 1961இல் பெஞ்சமின் பாவர், இடதிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தாமதித்து மங்கலாக்கி வலதில் சேர்க்கும் மின்சுற்றைக் கொடுத்தார். காதுக்கு இதமாக இருந்தது. பாடகர் மண்டையை விட்டு முழுதாக வெளியே வரவில்லை.

காரணம், காதுமடலைக் கணக்கில் சேர்க்கவில்லை. மடலின் மேடு பள்ளங்களில் பட்டுத் திரும்பும் ஒலி 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஆழமான பள்ளங்களைத் தோண்டுகிறது. ஒலி எந்த உயரத்திலிருந்து வருகிறது, முன்னாலா பின்னாலா என்பதற்கேற்ப அந்தப் பள்ளங்கள் இடம்மாறும். பிறந்ததிலிருந்து அவற்றைப் படித்துப் படித்தே மூளை மேல், கீழ், முன், பின் சொல்கிறது. ஹெட்போன் ஒலி வரும் திசையோ எப்போதும் ஒன்றுதான்.

அறையைக் கையோடு எடுத்து வருவது

கெடுதல்கள் எவை என்று தெரிந்துவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. மொத்தத்தையும் ஒரே மூச்சில் பதிவுசெய்ய வழி இருக்கிறது.

ஓர் அறையில் மிகக் குறுகிய ஒரு சத்தம் எழுப்புங்கள். பலூனை உடைக்கலாம், கட்டையோடு கட்டை தட்டலாம். நேர் ஒலி, மேஜை, கூரை, சுவர்கள், பிறகு தேய்ந்துபோகும் வால் என்று வருவது எல்லாம் பதிவாகும். அந்த அறை ஒலிக்கு என்ன செய்கிறதோ அது முழுவதும் இந்தப் பதிவுக்குள் அடக்கம். பலூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வெடிக்கும் என்பதால், அடித்தொண்டையில் தொடங்கி உச்சஸ்தாயி வரை வழுக்கிக்கொண்டு போகும் ஒரு ஸ்வரத்தை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, பதிவிலிருந்து கணக்குப் போட்டு அறையின் குணத்தைப் பிரித்தெடுக்கும் முறையை 2000இல் ஆஞ்சலோ ஃபரீனா முன்வைத்தார். இன்று பெரும்பாலும் அதுவே வழக்கம்.

கன்ட்ரோல் அறைக்கும் கருங்கல் மண்டபத்துக்கும் கணக்கு ஒன்றுதான். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்து நாட்களில் உற்சவர் நம்பெருமாள் எழுந்தருளும் ஸ்ரீரங்கம் ஆயிரங்கால் மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல் ஒலியை அனேகமாக விழுங்குவதே இல்லை. அரை மீட்டர் தடிமனுள்ள ஒரு தூண், 700 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை நாலா பக்கமும் சிதறடிக்கும். அதற்குக் கீழே உள்ள ஒலி தூணை வளைத்துக்கொண்டு போய்விடும். பாசுரம் பாடும் அரையர் கையிலுள்ள தாளத்தின் கணீர் ஒலி தூணுக்குத் தூண் சிதற, குரலின் அடிநாதம் தடையின்றிப் போகும். கூட்டம் நிறைந்த இரவில் நின்றிருக்கும் ஒவ்வொரு ஆளும் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு. ஆளில்லாத பகலில் அதே மண்டபம் வேறு மாதிரி ஒலிக்கும். 1970களில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் ஒலியைச் சிதறடிப்பதற்கென்றே எண் கோட்பாட்டைக் கொண்டு பள்ளமும் மேடுமான பலகைகளை வடிவமைத்தார். இன்று கன்ட்ரோல் அறைகளின் பின்சுவரில் காணப்படும் மரப்பலகைகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

ஹெட்போனுக்காக அளக்கும்போது மைக்கை வெறும் ஸ்டாண்டில் வைப்பதில்லை, காதுக்குள் வைக்கிறார்கள். சொந்தக் காதாக இருக்கலாம், பொம்மைத் தலையின் காதாகவும் இருக்கலாம். 1972இல் நோல்ஸ் நிறுவனம் செய்த ‘கெமார்’ பொம்மை இதில் பேர்பெற்றது. 1994இல் எம்ஐடியில் பில் கார்ட்னரும் கீத் மார்ட்டினும் அதன் காதில் நூற்றுக்கணக்கான திசைகளிலிருந்து வரும் ஒலியை அளந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். இடது ஸ்பீக்கரிலிருந்து இரண்டு காதுக்கு, வலது ஸ்பீக்கரிலிருந்து இரண்டு காதுக்கு என நான்கு பதிவுகள் இருந்தால் போதும். அறை, மேஜை, தலை, மடல் எல்லாம் அந்த நான்கில் அடங்கிவிடும்.

பிறகு வருவது பெருக்கல். பாட்டின் ஒவ்வொரு ஒலிப்புள்ளியும் அந்த அறையில் ஒரு சின்ன பலூன் வெடிப்பு. நொடிக்கு 48,000 புள்ளிகள். 0.3 நொடி நீளமுள்ள அறைப்பதிவில் 14,400 புள்ளிகள். நான்கு வழிகளுக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 276 கோடிப் பெருக்கல். இதை நேரடியாகச் செய்யாமல், ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துப் பெருக்கினால் வேலை பன்மடங்கு குறையும். ஆனால் ஒரு துண்டு சேரும்வரை காத்திருக்க வேண்டும். தொடக்கத்துக்குச் சின்னத் துண்டு, வாலுக்குப் பெரிய துண்டு என்று வெட்டிக் காத்திருப்பே இல்லாமல் செய்யும் வழியை 1995இல் அதே கார்ட்னர் காட்டினார். மிக்ஸிங் செய்பவர் பொத்தானைத் திருகியதும் மாற்றம் கேட்பது இதனால்தான்.

இந்தக் கலைக்கு நேர் எதிரான திசையில் முதலில் போனவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. லக்னோவிலும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் படித்த பிஷ்ணு அடல், 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஷ்ரோடரோடு சேர்ந்து, ஸ்பீக்கர்களை ஹெட்போன்போல நடந்துகொள்ளவைத்தார். எதிர்க்காதுக்குப் போகும் ஒலியை, அதற்கு நேர்மாறான ஒலியை அனுப்பி அழித்தார்கள். குறுக்கு வழியை அடைக்கவும் திறக்கவும் ஒரே கணிதம்.

ஸ்பீக்கரின் குணம்

அறை கிடைத்தால் போதாது. எந்த ஸ்பீக்கர் என்பதும் முக்கியம். யமஹா என்எஸ்-10 வெள்ளைக் கூம்பு கொண்ட சின்னப் பெட்டி. 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது, வீடுகளில் எடுபடவில்லை, உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் குடியேறியது, 2001இல் உற்பத்தி நின்றது. அடித்தளம் மெலிந்து, நடுச்சுருதி தூக்கலாக, கேட்பதற்குக் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். 2001இல் ஃபிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் ஆகியோர் அளந்து பார்த்து முக்கியமான ஒரு காரணத்தைச் சொன்னார்கள்: ஒலி நின்றதும் அந்த ஸ்பீக்கரும் சட்டென்று நின்றுவிடுகிறது. வால் இல்லாததால் தாளக்கருவிகளின் அளவு சரியாகத் தெரிந்தது.

இதைப் போலிசெய்வது ஒரு பங்கு எளிது, ஒரு பங்கு முடியாதது. ஏற்ற இறக்கங்களையும் அடங்கும் வேகத்தையும் அறைப்பதிவோடு சேர்த்தே பிடித்துவிடலாம். சத்தம் கூடும்போது கூம்பு திணறி உண்டாக்கும் சிதைவு அந்தப் பதிவில் வராது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். பேஸ் நெஞ்சில் வந்து மோதும் உணர்வை எந்த ஹெட்போனாலும் தர முடியாது. முதலில் ஹெட்போனின் சொந்தக் குணத்தை அழித்தாக வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். ஒரு ஹெட்போன் மாடலின் சராசரிக்கு எழுதிய திருத்தம், மூக்குக்கண்ணாடியின் காம்பு ஹெட்போன் மெத்தையைத் தூக்கி இடுக்கு விட்டால் பேஸில் தோற்றுப்போகும்.

தலை திருப்பும்போது மாயை கலைவதும் உண்டு. நிஜ அறையில் தலையைத் திருப்பினால் பாடகர் இருந்த இடத்திலேயே இருப்பார். ஹெட்போனில் அவரும் கூடவே திரும்புவார். முன்னா பின்னா என்ற குழப்பத்தைத் தீர்க்க மூளை சின்னச் சின்னத் தலையசைவுகளை நம்புகிறது என்று 1940இலேயே ஹான்ஸ் வாலாக் காட்டியிருந்தார். அதனால்தான் சில கருவிகள் தலையசைவைப் பின்தொடர்ந்து அறையை எதிர்ப்பக்கம் சுழற்றுகின்றன. நாம் உட்கார்ந்திருக்கும் அறையும் ஹெட்போன் சொல்லும் அறையும் மிகவும் வேறுபட்டால் ஒலி மறுபடி தலையை நோக்கி நெருங்கிவரும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. கண் பார்க்கும் பத்துக்குப் பன்னிரண்டை மூளை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

யாருடைய காது?

கடைசிச் சிக்கல் நம் முகத்தின் இருபுறமும் இருக்கிறது. கெமார் பொம்மையின் தலை சராசரி மனிதருடையது. உங்கள் மடலின் பள்ளங்கள் உங்களுக்கு மட்டுமே உரியவை. அடுத்தவர் காதில் அளந்த அறையைக் கேட்கும்போது முன்னால் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் நெற்றிக்கு மேலே மிதக்கலாம், பின்னால் போகலாம். ஸ்மித் ரிசர்ச் நிறுவனத்தின் ரியலைசர் போன்ற கருவிகள் கேட்பவர் காதிலேயே குட்டி மைக் செருகி அளந்துகொள்கின்றன. நிஜ ஸ்டுடியோவில் உட்கார்ந்து அளக்க வேண்டியிருப்பதால் எல்லோருக்கும் கைகூடாது.

கைகூடாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 1998இல் நெதர்லாந்தில் பால் ஹாஃப்மனும் உடன் ஆய்வாளர்களும் சிலருடைய காதுமடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தையே மாற்றினார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று சொல்லும் திறன் அவர்களுக்கு உடனே போய்விட்டது. அச்சோடே அன்றாட வாழ்க்கை நடத்தியதில் சில வாரங்களில் திரும்பி வந்தது. அச்சை எடுத்த பிறகு பழைய காதால் கேட்பதில் தடுமாற்றமே இல்லை. இரண்டாவது மொழி கற்றவர் தாய்மொழியை மறக்காததுபோல, மூளை இரண்டு ஜோடிக் காதுகளையும் வைத்துக்கொண்டது.

ஆக, போலி ஸ்டுடியோவில் கெடுதல்களைச் சேர்ப்பது மென்பொருளின் வேலை. அவற்றைக் கழித்துக் கேட்கப் பழகுவது மூளையின் வேலை. அதற்கு நாள் வேண்டும். மென்பொருள் நிறுவனங்கள் பத்து இருபது அறைகளை நீட்டுகின்றன. மணிக்கொரு அறை மாறுகிறவருக்கு ஒன்றும் பழகாது. ஒரே அறையை எடுத்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளை முதலில் அதில் கேட்டு, பேஸ் அங்கே எவ்வளவு மெலிந்து ஒலிக்கிறது, குரல் எவ்வளவு முன்னால் வருகிறது என்று பிடிபட்ட பிறகு சொந்த மிக்ஸிங்கைத் தொடங்கி, முடித்ததைக் காரிலும் செல்போனிலும் போட்டுச் சரிபார்க்கிறவருக்குச் சித்திரை வீதி வீடே போதும். இந்த மென்பொருளை வாங்கப்போகிறவர், எந்த அறை சிறந்தது என்று விசாரிப்பதற்கு முன், எந்த அறையில் ஆறு மாதம் உட்காரத் தயார் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.